வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் குடியிருக்க: கோவையா, ஈப்போவா, சியாங் மாயா?

செம்பவாங் வள்ளி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கணவருக்கு 63, எனக்கு 60. இருவரும் சிங்கப்பூரில் பிறந்த குடிமக்கள். செம்பவாங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு, கடன் அடைந்துவிட்டது. அதை முழுதாக வாடகைக்கு விட்டால் மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிடைக்கும் என்று முகவர் சொல்கிறார். பராமரிப்புச் செலவு போக 2,800 கையில் நிற்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். கணவரின் மசேநி லைஃப் (மத்திய சேமநிதியின் மாத ஓய்வூதியம்) தொகை 65 வயதில்தான் வரத் தொடங்கும். சேமிப்பு கொஞ்சம் உண்டு, ஆனால் அதில் கை வைக்காமல் இருக்கப் பார்க்கிறோம்.

செலவு குறைந்த ஊராகத் தேடுகிறோம். எனக்கு நீரிழிவு, அவருக்கு ரத்த அழுத்தம். பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரில் இருப்பதால் அவசரம் என்றால் அரை நாளில் வந்துசேர முடியவேண்டும். கோவில் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஜோகூர் பாரு, பினாங்கு, ஈப்போ, கோயம்புத்தூர், திருச்சி, சியாங் மாய், டா நாங் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. இணையத்தில் பார்க்கும் செலவுப் பட்டியல்களை நம்பலாமா? எந்த ஊரில் எது சிக்கல் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


யீஷூன் கணக்கர் எழுதியது:

வள்ளி அக்கா, ஊரைத் தேடும் முன் அந்த 2,800 வெள்ளியைப் பார்ப்போம். அது 2,800 இல்லை.

இருவரும் குடியிருப்பை வெளிநாட்டுக்கு மாற்றிக்கொண்டு, ஆண்டில் 183 நாளுக்கும் குறைவாக இங்கே இருந்தால், வரிக் கணக்கில் ‘குடியிருப்பாளர் அல்லாதவர்’ ஆகிவிடுவீர்கள். குடிமகன் என்பது இதைத் தடுக்காது. அப்படிப்பட்டவரின் வாடகை வருமானத்துக்கு 2024 வரிமதிப்பீட்டு ஆண்டிலிருந்து 24 விழுக்காடு, முதல் வெள்ளியிலிருந்தே. படிநிலை விகிதமும் கிடையாது, தனிநபர் கழிவுகளும் கிடையாது.

ஆண்டு வாடகை 36,000. ரசீது இல்லாமலே செலவாக ஏற்கப்படும் 15 விழுக்காடு 5,400. மீதி 30,600. அதில் 24 விழுக்காடு 7,344 வெள்ளி. மாதத்துக்கு 612. இதே வருமானம் இங்கே குடியிருக்கும் ஒருவருக்கு என்றால், முதல் 20,000-க்கு வரி இல்லை, அடுத்த 10,000-க்கு 2 விழுக்காடு, மிச்சம் 600-க்கு 3.5 விழுக்காடு. மொத்தமே 221 வெள்ளி. பெரும்பாலானோர் தவறவிடும் இடம் இதுதான்.

அடுத்தது சொத்து வரி. நீங்கள் குடியிருக்கும்வரை, வரித்துறை வீட்டுக்குக் கணிக்கும் ஆண்டு மதிப்பில் முதல் 12,000 வெள்ளிக்கு வரி இல்லை. வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டதும் அந்தச் சலுகை போய், முதல் வெள்ளியிலிருந்து 12 விழுக்காடு. ஆண்டு மதிப்பு 12,000 என்று வைத்தால் 1,440 வெள்ளி, மாதம் 120. யூ-சேவ் பயனீட்டுக் கட்டணக் கழிவும், பராமரிப்புக் கட்டணத் தள்ளுபடியும் நின்றுவிடும். முகவருக்கு ஆண்டுக்கு அரை மாத வாடகை என்றால் மாதம் 125. உங்கள் 2,800-இல் இவையெல்லாம் போக ஏறத்தாழ 1,940 வெள்ளி நிற்கும். குளிர்சாதனப் பெட்டி பழுது, வாடகைதாரர் மாறும்போது ஒரு மாதம் காலியாகக் கிடப்பது இவற்றுக்கு ஒதுக்கினால் 1,700. ஊரை இந்த 1,700-க்குத் தேடுங்கள்.

வீவக விதிகளையும் சொல்லிவிடுகிறேன். முழு வீட்டையும் வாடகைக்கு விட ஐந்தாண்டுக் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்திருக்க வேண்டும், குடிமகனாக இருக்கவேண்டும், வாடகைதாரர் வருமுன்பே அனுமதி வாங்கவேண்டும். ஒவ்வொரு ஒப்பந்தமும் குறைந்தது ஆறு மாதம். வாடகைதாரர் மலேசியரும் அல்லாத வெளிநாட்டவர் என்றால் பேட்டைக்கும் புளோக்குக்கும் ஒதுக்கீட்டு உச்சவரம்பு உண்டு. உங்கள் புளோக்கில் அது நிரம்பிவிட்டால் சிங்கப்பூரருக்கோ மலேசியருக்கோதான் விடமுடியும். முகவர் சொன்ன 3,000 எந்த வகை வாடகைதாரரை மனதில் வைத்துச் சொன்னது என்று கேளுங்கள்.

நிறையப் பேர் சொல்லும் ஒரு யோசனை: ஓர் அறையில் சாமான்களைப் பூட்டிவைத்துவிட்டு மற்ற அறைகளை ‘அறை வாடகை’ என்று விடுவது. செய்யாதீர்கள். அறைகளை மட்டும் விடுவதானால் உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்கவேண்டும். அறையைப் பூட்டிவிட்டு வெளியூர் போனால் அது அனுமதியின்றி முழு வீட்டை வாடகைக்கு விட்டதாகவே கணக்கு. வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அளவுக்குப் போகக்கூடிய குற்றம் அது.

மருத்துவம்: அரசின் மெடிஷீல்ட் லைஃப் காப்பீடு வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. அதன் சந்தா மட்டும் தொடரும். ஒருங்கிணைந்த ஷீல்ட் திட்டம் இருந்தால் வெளிநாட்டில் அவசரச் சிகிச்சை அதில் அடங்குமா என்று பாலிசியை எடுத்துப் படியுங்கள். மசேநியின் மருத்துவச் சேமிப்பான மெடிசேவைப் பொறுத்தவரை, மலாக்காவின் மகோத்தா, ஜோகூரின் ரீஜென்சி போன்ற குறிப்பிட்ட சில மருத்துவமனைகளில் மருத்துவமனைத் தங்கலுக்கும் பகல்நேர அறுவைக்கும் பயன்படுத்தலாம். அதற்கும் சிங்கப்பூரில் உள்ள பரிந்துரை நிலையம் வழியாகப் போயிருக்கவேண்டும். நேரே போய்ப் படுத்துவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது.

சிறிய விஷயம்போலத் தெரிந்தாலும் கைப்பேசி எண்ணை விட்டுவிடாதீர்கள். அரசுச் சேவைகளுக்கான சிங்பாஸ், வங்கியின் மின்னிலக்க அடையாளம் இரண்டும் ஒரே கைப்பேசியில் இருக்கும். அது தொலைந்தாலோ கெட்டாலோ, புதியதில் திரும்ப அமைக்கச் சிங்கப்பூர் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வரும். ப்ரீபெய்டு சிம் காலாவதியாகி எண் வேறொருவருக்குப் போயிருந்தால் மசேநி, வரி, வங்கி எல்லாமே ஒரே நாளில் முடங்கும். ஆகக் குறைந்த கட்டணத் திட்டம் ஒன்றில் எண்ணை உயிரோடு வைத்திருங்கள். புறப்படும் முன் ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்றும் சோதித்துக்கொள்ளுங்கள்.


கிந்தா நதி எழுதியது:

மலேசியப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

வாடகையைப் பார்த்தால் ஈப்போதான் மலிவு. ஒற்றைமாடித் தொடர்வீடு 1,000 முதல் 1,500 ரிங்கிட்டுக்குள். பினாங்கில் சுமாரான அடுக்குமாடி வீடு 1,500 முதல் 2,500. ஜோகூர் பாருவில் சோதனைச்சாவடிக்கு அருகே இரண்டறைக் கொண்டோ 2,000-க்கு மேல். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு 3.2 ரிங்கிட் அளவில் போட்டால் எல்லாமே கைக்கு எட்டும். இருவருக்குச் சாப்பாடு, மின்சாரம், பெட்ரோல் எல்லாம் சேர்த்து ஈப்போவில் 4,000 ரிங்கிட்டுக்குள் நல்லபடியாகவே வாழலாம்.

தங்கும் உரிமை எங்கிருந்து வரும் என்பதுதான் கேள்வி. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்கு மலேசியா வழக்கமாக 30 நாள் சமூக வருகை அனுமதிதான் தருகிறது. 29-ஆம் நாள் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டுத் திரும்பி வருவதை ஆண்டுக்கணக்கில் செய்வோர் இருக்கிறார்கள். அது குடியிருப்பு உரிமை அல்ல. குடிநுழைவு அதிகாரி ஒருநாள் கடவுச்சீட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ‘இங்கேயே வசிக்கிறீர்களா?’ என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. ஓராண்டு வாடகை முன்பணமும் வீட்டுச் சாமானும் அந்தப் பக்கம் மாட்டிக்கொள்ளும்.

முறையான வழி எம்எம்2எச் (‘மலேசியா எனது இரண்டாவது இல்லம்’ என்ற நீண்டகால விசாத் திட்டம்). 2024-இல் மாற்றிய விதிப்படி ‘சில்வர்’ பிரிவுக்கு 150,000 அமெரிக்க டாலர் நிரந்தர வைப்பு, குறைந்தது 600,000 ரிங்கிட்டுக்கு வீடு, ஐந்தாண்டு விசா. தங்கப் பிரிவுக்கு 500,000 டாலர், பிளாட்டினத்துக்குப் பத்து லட்சம் டாலர். உரிமம் பெற்ற முகவர் வழியாகத்தான் விண்ணப்பிக்க முடியும். ஓராண்டுக்குப் பிறகு வைப்பில் பாதியை வீடு, மருத்துவம், கல்வி போன்றவற்றுக்கு எடுக்கலாம். வாங்கிய வீட்டைப் பத்தாண்டுக்கு விற்க முடியாது, இதைவிட விலை கூடிய வீட்டுக்கு மாறினால் தவிர.

‘50 வயதுக்கு மேற்பட்டவர்க்கு 32,000 டாலர் போதும்’ என்று விளம்பரம் பார்த்திருப்பீர்கள். அது சிறப்புப் பொருளியல் வட்டாரப் பிரிவு. வீட்டை ஃபாரஸ்ட் சிட்டியில், கட்டுமான நிறுவனத்திடமிருந்தே வாங்கவேண்டும். துவாஸ் இரண்டாம் பாலத்துக்கு அப்பால் கடலை மீட்டு, ஏழு லட்சம் பேருக்கு என்று திட்டமிட்ட இடம். குடியேறியவர்கள் அதில் மிகச் சிறு பகுதி. நடந்துபோகும் தூரத்தில் மளிகைக்கடையும் மருந்தகமும் கோவிலும் வேண்டும் என்பவருக்கு அது ஊரே இல்லை. திரும்ப விற்க யார் வாங்குவார் என்ற கேள்வியும் இருக்கிறது. வைப்புத்தொகை குறைவு என்பதற்காக மட்டும் அங்கே போகவேண்டாம்.

எம்எம்2எச் கையில் இருந்தால் ஈப்போ உங்களுக்குப் பொருந்தும். லஹாட் சாலையில் லிட்டில் இந்தியா, குனோங் சேரோவில் கல்லுமலை முருகன் கோவில், ஃபாத்திமா, பந்தாய், கேபிஜே என்று தனியார் மருத்துவமனைகள், தமிழ் பேசும் மருத்துவர்கள். சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டு, பறப்பது ஒன்றரை மணிநேரம். ஆனால் கார் இல்லாமல் ஈப்போவில் காலம் தள்ள முடியாது. எழுபது வயதுக்குப் பிறகு காரோட்டத் தயங்குவீர்கள் என்றால் பினாங்கு மேல். தண்ணீர்மலைக் கோவிலும் ஐலண்ட், லோ குவான் லை, அட்வென்டிஸ்ட் மருத்துவமனைகளும் ஒன்றுக்கொன்று கொஞ்ச தூரந்தான்.

புதிய செலவு ஒன்று: 2025 ஜூலை 1 முதல் மலேசியக் குடிமக்கள் அல்லாதவர்க்குத் தனியார் மருத்துவச் சேவைக்கு 6 விழுக்காடு சேவை வரி. பெரிய அறுவை என்றால் இது சில ஆயிரம் ரிங்கிட் ஆகும். வருமான வரியில் ஆறுதல் உண்டு. தனிநபர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வருமானத்துக்கான விலக்கை 2036 வரை நீட்டித்திருக்கிறார்கள்.

வாடகைக்குப் போகும்போது இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம் அல்லது ஒரு மாத முன்பணம், முதல் மாத வாடகை என்று கேட்பார்கள். சாவி வாங்கும் முன் டிஎன்பி மின்கட்டணம், இண்டா வாட்டர் கழிவுநீர்க் கட்டணம் இரண்டின் கடைசி ரசீதையும் வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். பழைய பாக்கி இருந்தால் இணைப்பைத் துண்டிப்பது நீங்கள் குடியேறிய பிறகுதான் நடக்கும்.


செம்பவாங் வள்ளி எழுதியது:

கணக்கரே, அந்த 24 விழுக்காடு எங்களுக்குத் தெரியவே தெரியாது. மிக்க நன்றி. கிந்தா நதி சொல்வதைப் பார்த்தால் எம்எம்2எச் எங்களுக்கு எட்டாது, வைப்புக்கும் வீட்டுக்கும் சேர்த்துப் பணம் போதாது. என் தாத்தாவும் கணவருடைய தாத்தாவும் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான ‘வெளிநாட்டு இந்தியக் குடிமகன்’ அட்டை) கிடைக்குமா? கிடைத்தால் கோவையா, திருச்சியா?


நொய்யல் கரை எழுதியது:

கிடைக்க வாய்ப்பு உண்டு அக்கா. 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவரின் பிள்ளை, பேரன் பேத்தி, கொள்ளுப்பேரன் கொள்ளுப்பேத்தி வரை விண்ணப்பிக்கலாம். தாத்தா இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாரா என்பது முக்கியமில்லை, தகுதி இருந்ததா என்பதே கேள்வி. ஆனால் அதைக் காகிதத்தில் காட்டவேண்டும். அங்கேதான் மூன்றாம் தலைமுறைச் சிங்கப்பூரர்கள் தடுக்கி விழுகிறார்கள்.

சங்கிலி இப்படி: உங்கள் பிறப்புச் சான்றிதழில் அப்பா அல்லது அம்மாவின் பெயர், அவருடைய பிறப்புச் சான்றிதழில் தாத்தாவின் பெயர், தாத்தா இந்தியாவில் பிறந்தார் என்பதற்கு ஓர் ஆவணம். அந்தக் கடைசிக் கண்ணிக்குப் பழைய கடவுச்சீட்டு, பள்ளிச் சான்றிதழ், பிறப்பிடச் சான்றிதழ் போன்றவை உதவும். ஊரில் தாத்தா பெயரில் நிலப் பட்டா இருந்தால் துணை ஆவணமாக வையுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு தாளில் ஒருவிதமாகவும் அடுத்ததில் வேறுவிதமாகவும் இருந்தால் விண்ணப்பம் திரும்பும். இருவரும் ஒரே ஆள் என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். கட்டணம் 275 அமெரிக்க டாலருக்கு ஈடான தொகை. உங்கள் இருவரில் ஒருவருக்குத்தான் ஆவணம் தேறுகிறது என்றாலும் பரவாயில்லை. திருமணமாகிப் பதிவுசெய்து இரண்டு ஆண்டு ஆன துணைவர் அந்த உறவை வைத்தே விண்ணப்பிக்கலாம்.

ஓசிஐ இல்லாமல் சுற்றுலா மின்விசாவில் குடியிருக்க நினைக்காதீர்கள். ஐந்தாண்டு விசா என்றாலும் சிங்கப்பூரருக்குத் தொடர்ந்து 90 நாள்தான். ஓசிஐ இருந்தால் நாள் கணக்கு இல்லை, காவல்துறைப் பதிவு இல்லை, வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு மட்டும் வாங்க முடியாது. ‘ஊருக்கு வெளியே அரை ஏக்கர் தோப்போடு வீடு’ என்று யாராவது காட்டினால் அது உங்கள் பெயரில் பதிவாகாது. வேறொருவர் பெயரில் வாங்கிப்போட்டால் பணம் அவருடையது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கோவையா, திருச்சியா? உங்கள் இருவரின் உடல்நிலைக்குக் கோவை என்பேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றால் கோடை தணிந்திருக்கும். திருச்சியிலும் தஞ்சையிலும் ஏப்ரல், மே மாதம் 40 டிகிரி சாதாரணம், ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவருக்கு அந்த வெயில் சோர்வைக் கூட்டும். அவிநாசி சாலையில் கேஎம்சிஎச், பீளமேட்டில் பிஎஸ்ஜி, எலும்புக்குக் கங்கா, கண்ணுக்கு அரவிந்த் என்று எல்லாமே ஊருக்குள் இருக்கிறது. நீரிழிவு இருப்பதால் ஆண்டுக்கொரு முறை விழித்திரைப் பரிசோதனை செய்யவேண்டிய உங்களுக்கு அரவிந்த் பக்கத்தில் இருப்பது பெரிய வசதி. திருச்சியின் பலம் விமானம். சிங்கப்பூருக்குத் தினமும் பல நேரடிச் சேவைகள். கோவையிலும் நேரடிச் சேவை உண்டு, எண்ணிக்கை குறைவு. பறக்கும் நேரம் இரண்டுக்குமே நாலு, நாலரை மணிநேரம். அரை நாள் என்ற உங்கள் எல்லைக்குள் இரண்டும் வரும், ஆனால் டிக்கெட் அன்றைக்கே கிடைக்கவேண்டும்.

வாடகை: கோவையில் இரண்டு படுக்கையறை வீடு சரவணம்பட்டி, வடவள்ளிப் பக்கம் 15,000 முதல் 20,000 ரூபாய், ஆர்.எஸ். புரம், ரேஸ்கோர்ஸ் என்றால் 25,000-க்கு மேல். ஒரு வெள்ளி 65 முதல் 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வேலைக்கு ஆள், இருவர் சாப்பாடு, மருந்து, ஆட்டோ எல்லாம் சேர்த்து 60,000 முதல் 75,000 ரூபாய்க்குள் தாராளமாகவே நடக்கும். உங்கள் 1,700 வெள்ளி அதற்கு மேலேயே நிற்கிறது. மிச்சம் ஆண்டுக்கு இருமுறை சிங்கப்பூர் வந்துபோக.

வீடு பார்க்கும்போது கேட்கவேண்டியது தண்ணீர். ‘சிறுவாணித் தண்ணீர் வருது’ என்றால் எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை மணிநேரம் என்று கேளுங்கள். தினமும் வராது. தரைத்தொட்டி எத்தனை லிட்டர், அதை எத்தனை வீடு பங்குபோடுகிறது என்று பாருங்கள். மற்ற நாளில் குழாயில் வருவது ஆழ்குழாய்க் கிணற்று உப்புத்தண்ணீராக இருக்கும். குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் படிவு ஒட்டியிருந்தால் கீசரின் கம்பிச்சுருளும் துணி துவைக்கும் இயந்திரமும் சீக்கிரம் பழுதாகும். அடுத்தது மின்சாரம்: லிஃப்டுக்கு மட்டும் ஜெனரேட்டரா, வீட்டுக்குள்ளும் வருமா? இன்சுலினை ஃபிரிட்ஜில் வைப்பவருக்கு இது வசதிக்கான கேள்வி அல்ல, மருந்துக்கான கேள்வி. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. முந்தைய குடித்தனக்காரரின் பாக்கி இல்லை என்பதை இணைப்பு எண்ணை வைத்து இணையத்திலேயே பார்த்துவிடலாம்.

முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்பது தமிழ்நாடு வாடகைச் சட்டத்தின் பொதுவிதி. இருவரும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்ற இடைவெளியும் அதிலேயே இருக்கிறது. வெளிநாட்டுக்காரர் என்று தெரிந்ததும் பத்து மாதம் கேட்பார்கள். மூன்றில் தொடங்கிப் பேசுங்கள், ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவுசெய்யுங்கள்.

மருத்துவக் காப்பீட்டை முதல் மாதத்திலேயே எடுங்கள். 2024-க்குப் பிறகு 65 வயது என்ற உச்சவரம்பு இல்லை. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் மூன்று ஆண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. நீரிழிவை மறைத்து எடுத்தால் பணம் கேட்கும் நாளில் நிராகரிப்பார்கள். எழுதிக்கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். அந்த மூன்று ஆண்டுக்கு மருத்துவமனைச் செலவுக்கென்று பத்து லட்சம் ரூபாய் தனியாக ஒதுக்கி வைத்தால் நிம்மதி. வழக்கமான மாத்திரைகளின் செலவு இங்கே குறைவு. உதாரணமாக, எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்து, பல நிறுவனங்களின் மலிவான மாத்திரைகள் வந்துவிட்டன. பலதுறை மருந்தகத்தில் தரும் மருந்துச்சீட்டில் மருந்தின் மூலப்பெயர் தெளிவாக இருக்கும்படி வாங்கி வாருங்கள். இங்கே விற்பனைப் பெயர் வேறாக இருக்கும்.


யீஷூன் கணக்கர் எழுதியது:

நொய்யல் கரை சொன்னதோடு வரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. அக்டோபர் நடுவில் போய் இறங்கினால் அந்த ஆண்டில் உங்களை வரிக்குடியிருப்பாளராக்கும் 182 நாள் நிரம்பாது. அடுத்த இரண்டு நிதியாண்டுக்கு, அதற்கு முந்தைய பத்தாண்டில் ஒன்பது ஆண்டு நீங்கள் இந்தியக் குடியிருப்பாளர் அல்ல என்பதால், ‘வழக்கமான குடியிருப்பாளர் அல்லாதவர்’ என்ற இடைநிலை கிடைக்கும். அதுவரை சிங்கப்பூர் வாடகைக்கு அங்கே வரி இல்லை. ஏப்ரலில் போனால் இந்த முதல் அரையாண்டை இழக்கிறீர்கள்.

அதன்பின் உலக வருமானம் முழுதும் அங்கே கணக்கில் வரும். இங்கே கட்டிய வரியை இரு நாட்டு ஒப்பந்தப்படி கழித்துக்கொள்ளலாம், அதற்குச் சிங்கப்பூர் வரித்துறையான ஐராஸின் வரிக்கணக்கு அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் வீவக வீடு, வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் எழுதவேண்டும். வரியே வராவிட்டாலும் எழுதவேண்டும். எழுதாமல் விட்டால் 2015 கறுப்புப் பணச் சட்டத்தில் பத்து லட்சம் ரூபாய் அபராதம் உண்டு. மசேநித் தொகையை எப்படிக் காட்டுவது என்பதை இரு நாட்டு வரியும் தெரிந்த ஆடிட்டரிடம், மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.


மேப்பிங் கரை எழுதியது:

சியாங் மாய் பற்றி யாரும் சொல்லவில்லை. சுருக்கமாக.

50 வயதுக்கு மேற்பட்டவர்க்கு ஓய்வுக்கால அனுமதி உண்டு. தாய்லாந்து வங்கியில் 800,000 பாட் வைப்பு, அல்லது மாத வருமானம் 65,000 பாட், அல்லது இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 800,000. கணவர் பெயரில் இருந்தால் வள்ளி அக்கா சார்ந்தவராக இருக்கலாம், தனி வைப்பு வேண்டாம். 800,000 பாட் நம் பணத்தில் ஏறத்தாழ 32,000 வெள்ளி. எம்எம்2எச்சோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு, பணமும் உங்கள் பெயரிலேயே இருக்கும். நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதமும் கிடைத்த பின் மூன்று மாதமும் முழுத் தொகை அசையக்கூடாது. மற்ற மாதங்களில் 400,000-க்குக் கீழே இறங்கக்கூடாது. ஒருநாள் இறங்கினாலும் அடுத்த நீட்டிப்பு சிக்கல்.

90 நாளுக்கு ஒருமுறை முகவரி அறிக்கை. சிங்கப்பூர் வந்துபோகும் முன் மறுநுழைவு அனுமதி: ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800. இதை எடுக்காமல் விமானம் ஏறினால் ஓய்வுக்கால அனுமதியே ரத்து. பேரப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று இரவோடு இரவாகப் புறப்படுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். பலமுறை அனுமதியை முதல் நாளே எடுத்துவிடுங்கள்.

வாடகை நிம்மான் பகுதியில் ஓரறைக் கொண்டோ 12,000 முதல் 18,000 பாட், சந்தித்தாம் பக்கம் அதைவிடக் குறைவு. மின்சாரத்தைக் கட்டட நிர்வாகம் யூனிட்டுக்கு 7, 8 பாட் என்று விற்கும் இடங்கள் உண்டு. அரசுக் கட்டணம் 4 பாட் அளவுதான். நேரடி இணைப்பு உள்ள வீடாகப் பாருங்கள். ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தங்கினால் அங்கும் வரிக்குடியிருப்பாளர். 2024 முதல் ஈட்டிய வெளிநாட்டு வருமானத்தை நாட்டுக்குள் கொண்டுவந்தால் வரிக்கணக்கில் வரும்.

ஆனால் உங்கள் இருவருக்கும் இந்த ஊரை நான் பரிந்துரைக்கமாட்டேன். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் வரை காடும் வயலும் எரிவதால் பிஎம் 2.5 (காற்றில் கலந்த நுண்துகள்) அளவு உலகிலேயே மோசமான நகரங்களின் வரிசையில் நிற்கும். ரத்த அழுத்தம் இருப்பவர் அந்த இரண்டரை மாதம் வேறெங்காவது போய்த் தங்கவேண்டும், அதற்கும் வாடகை ஆகும். அந்தச் செலவைச் சேர்த்தால் கோவையைவிட மலிவு இல்லை. டா நாங் கடற்கரை அழகு, வாடகையும் குறைவு. ஆனால் வியட்நாமில் ஓய்வுக்கால விசாவே கிடையாது. 90 நாள் மின்விசாவை மாற்றி மாற்றி எடுப்பதுதான் வழி. செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை புயலும் வெள்ளமும். மூன்று மாதம் இருந்துவிட்டு வர நல்ல ஊர், குடிபோக அல்ல.


அட்மிரல்டி தம்பி எழுதியது:

இதே கேள்வி என் பெற்றோருக்கும் உண்டு. அவர்கள் குடிமக்கள் அல்லர், நிரந்தரவாசிகள். இதெல்லாம் அவர்களுக்கும் பொருந்துமா?


யீஷூன் கணக்கர் எழுதியது:

இல்லை தம்பி, இரண்டு இடத்தில் மாறும். நிரந்தரவாசிகள் வீவக வீட்டை முழுதாக வாடகைக்கு விட முடியாது. அதனால் வாடகை வருமானம் என்ற அடித்தளமே இல்லை. மறுநுழைவு அனுமதி வழக்கமாக ஐந்தாண்டுக்குத் தருவது. அது காலாவதியாகும்போது வெளிநாட்டில் இருந்தால் முன்பு நிரந்தரவாசத் தகுதி உடனே போய்விடும்; 2025 டிசம்பர் 1 முதல், 180 நாளுக்குள் புதியதற்கு விண்ணப்பிக்காவிட்டால் போய்விடும். நீண்டநாள் வெளியே இருந்துவிட்டு நீட்டிப்புக் கேட்டால் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை. ஒரேயடியாகப் போவது என்று முடிவுசெய்தால், நிரந்தரவாசத்தைக் கைவிட்டு மசேநிப் பணம் முழுவதையும் எடுத்துக்கொள்ள வழி உண்டு. எடுத்தபின் திரும்பி வரும் கதவு மூடிவிடும். ஆகவே முதலில் அந்த அனுமதியில் உள்ள தேதியைப் பாருங்கள்.

வள்ளி அக்காவுக்கு ஒன்று: செம்பவாங் வீட்டுக்கு முதல் ஒப்பந்தத்தை ஓராண்டுக்கு மட்டும் போடுங்கள், கோவையில் எடுக்கும் வீட்டுக்கு 11 மாதம். ஊர் ஒத்துவராவிட்டால் இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் முடியும், வாடகைதாரரை இடையில் எழுப்பவேண்டியிருக்காது. சாமான்களை விற்காமல் மகனோ மகளோ வீட்டில் வையுங்கள். ஓசிஐ ஆவணங்களை இப்போதே தேடத் தொடங்குங்கள், மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும்.